மெயினுக்கு முன் நடப்பதை எப்படி டெஸ்ட் செய்வது?

கேள்வி: பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரியில் புராஜெக்டுக்காகச் சின்னதாக ஒரு சி லைப்ரரி (லிப்சி போல, மெயினைக் கூப்பிடும் ஸ்டார்ட்அப் கோடோடு) எழுதுகிறோம். யூனிட் டெஸ்ட் எல்லாம் பாஸ். ஆனால் உபுண்டுவில் ஸ்டேட்டிக்காக லிங்க் செய்தால் மெயினுக்கே வராமல் செக்மென்டேஷன் ஃபால்ட். அடுத்து ஓசூரில் இருக்கும் 64 பிட் ஏஆர்எம் போர்டிலும் ஓட்ட வேண்டும். எப்படிச் சோதிப்பது?

பதில்: யூனிட் டெஸ்ட் ஃபிரேம்வொர்க் ஓட ஆரம்பிக்கும்போதே ஸ்டார்ட்அப் (மெயினுக்கு முன் ஓடும் தொடக்க வேலை) முடிந்துவிட்டது. அதற்குள் இருந்துகொண்டு இதைப் பிடிக்க முடியாது. ஒவ்வொரு சோதனையும் தனி புரோகிராமாக இருக்கட்டும். அதை ஓட்டும் பேரண்ட் புரோகிராம் ஃபோர்க் செய்து, எக்ஸெக்விஇ வழியாக ஆர்க்வி (ஆர்க்யுமென்ட் பட்டியல்), என்வ்பி (என்விரான்மென்ட் பட்டியல்) இரண்டையும் தானே கொடுத்து, வெயிட்பிட்டில் ஸ்டேட்டஸைப் பார்க்க வேண்டும். பிரிண்ட்எஃப்பை நம்பாதீர்கள். பைப்புக்குப் போகும்போது அது பஃபரில் தங்கும். நடுவில் செத்தால் ஒரு வரிகூட வராது. ரைட் சிஸ்டம் காலை நேரடியாகக் கூப்பிடுங்கள்.

உங்கள் ஃபால்ட்டுக்கு ஜிடிபி டீபக்கரில் செத்த இன்ஸ்ட்ரக்ஷனைப் பாருங்கள். அது எஃப்எஸ்:0எக்ஸ்28-ஐப் படித்தால் காரணம் ஸ்டாக் புரொடெக்டர் (ஸ்டாக்கில் ஒரு காவல் மதிப்பை, அதாவது கார்டை, வைத்து, ஃபங்ஷன் திரும்பும்போது அது மாறியிருக்கிறதா என்று பார்க்கும் கம்பைலர் வசதி). உபுண்டுவின் ஜிசிசியில் அது டீஃபால்ட்டாகவே ஆன். டிஎல்எஸ் (ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனியான நினைவிடம்) அமைக்கும் முன் அதைக் காட்டும் எஃப்எஸ் ரெஜிஸ்டர் பூஜ்யம், அதனால் 0எக்ஸ்28, அதாவது 40-ஆம் முகவரியைத் தொட்டுச் சாகிறது. டிஎல்எஸ் அமையும்வரை ஓடும் ஃபைல்களை மட்டும் புரொடெக்டர் இல்லாமல் கம்பைல் செய்யுங்கள். மற்றதற்கு விட்டுவைப்பதே நல்லது. ஏஆர்எம்மில் கார்டு சாதாரண குளோபல் வேரியபிள். அங்கே இந்தக் காரணத்தால் செக்மென்டேஷன் ஃபால்ட் வராது. கார்டுக்கு மதிப்பு போடும் ஃபங்ஷனே புரொடெக்டரோடு இருந்தால், அது திரும்பும்போது ஸ்டாக் செக் ஃபெயில்.

மூவ்ஏபிஎஸ் (16 பைட் அலைன்மென்ட் கேட்கும்) இன்ஸ்ட்ரக்ஷனில் செத்திருந்தால் அலைன்மென்ட் தப்பு. எக்ஸ்86-64-இல் கெர்னல் ஸ்டாக்கை 16 பைட் அலைன்மென்ட்டில்தான் தருகிறது. புரோகிராமில் முதலில் ஓடும் _ஸ்டார்ட்டைச் சியில் எழுதினால், யாரோ தன்னைக் கால் செய்ததாகக் கம்பைலர் நினைத்து 8 பைட் தள்ளிக் கணக்குப் போடும். அதை அசெம்பிளியில் எழுதுங்கள். சோதிக்கும்போதும் ஒரு பொறி உண்டு: அலைன் செய்த லோக்கல் வேரியபிளின் முகவரியை நேராக 15-ஓடு ஆண்ட் செய்தால், "பூஜ்யம்தான்" என்று கம்பைலர் அந்தச் சோதனையையே நீக்கிவிடலாம். முகவரியை வாலட்டைல் வேரியபிளில் போட்டு எடுங்கள்.

ஆர்க்வி[ஆர்க்சி] நல் பாயின்டராக இருக்க வேண்டும். காலி ஆர்க்வி கொடுத்தும் பாருங்கள். லினக்ஸ் 5.18 முதல் கெர்னலே ஒரு காலி ஸ்ட்ரிங்கைச் சேர்த்து ஆர்க்சியை 1 ஆக்குகிறது. பழைய கெர்னலில் 0 வரலாம். இரண்டையும் உங்கள் லைப்ரரி தாங்க வேண்டும்.

கன்ஸ்ட்ரக்டர் (மெயினுக்கு முன் தானாக ஓடும் ஃபங்ஷன்) வரிசைக்கு 101-க்கு மேற்பட்ட பிரையாரிட்டிகளைக் கொடுத்து, ஒவ்வொன்றும் ஓர் அரேயில் தன் எண்ணை எழுதட்டும். சின்ன எண்தான் முதலில் ஓட வேண்டும். டிஸ்ட்ரக்டர் (மெயினுக்குப் பின் ஓடுவது) சோதனையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்: மெயின் 0 திருப்பினால், டிஸ்ட்ரக்டர் ஒன்றுகூட ஓடாவிட்டாலும் பாஸ் ஆகிவிடும். மெயின் 1 திருப்பட்டும். கடைசி டிஸ்ட்ரக்டர் வரிசையைச் சரிபார்த்து _எக்சிட்(0) கூப்பிடட்டும்.

எல்லாவற்றையும் ஸ்டேட்டிக், ஸ்டேட்டிக்-பிஐஇ (எந்த முகவரியிலும் லோட் ஆகக்கூடிய ஸ்டேட்டிக் புரோகிராம்) இரண்டிலும் ஓட்டுங்கள். ஏஆர்எம்முக்குக் க்யூஎம்யூ யூசர் மோடு (ஏஆர்எம் புரோகிராமை வேறு கணினியில் ஓட்டும் எமுலேட்டர்) மட்டும் போதாது. அங்கே தொடக்க ஸ்டாக்கையும் ஆக்ஸிலியரி வெக்டரையும் (தொடக்கத்தில் புரோகிராமுக்குத் தரப்படும் தகவல் பட்டியல்) க்யூஎம்யூவே கட்டுகிறது, கெர்னல் அல்ல. ஓசூர் போர்டிலும் ஒருமுறை முழு டெஸ்டையும் ஓட்டிவிடுங்கள்.