வாரச் சலுகைகளை எதனோடு ஒப்பிடுவது?

வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: ‘எங்கள் வீட்டுக்கு அருகில் மூன்று இயற்கை உணவு அங்காடிகள் உள்ளன. மூன்றும் வாரந்தோறும் சலுகைப் பட்டியல் வெளியிடுகின்றன. எதில் தள்ளுபடி அதிகமோ அதை அங்கங்கே வாங்கியும் மாதச் செலவு குறையவே இல்லை. எங்கே தவறுகிறேன்?’

தள்ளுபடியைத் தள்ளுபடியோடு ஒப்பிட்டதுதான் தவறு. 30 விழுக்காடு தள்ளுபடி என்பது அந்தக் கடை தானே வைத்த வழக்கமான விலையிலிருந்து குறைக்கப்படுவது. அந்த வழக்கமான விலையே பக்கத்துக் கடையைவிட உயர்ந்ததாக இருந்தால், தள்ளுபடிக்குப் பிறகும் அதுவே விலை கூடிய பொருளாக இருக்கக்கூடும். பாதாம் பருப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கடையில் 200 கிராம் பொட்டலம் 300. 30 விழுக்காடு போக 210. இரண்டாவது கடையில் எந்தச் சலுகையும் இல்லை, அரைக் கிலோ 475. நாணயம் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான்: முதலாவதில் 100 கிராம் 105, இரண்டாவதில் 95. பட்டியலில் பெரிய எழுத்தில் இருப்பது முதல் கடைதான்.

ஆகவே எல்லாவற்றையும் 100 கிராமுக்கு அல்லது ஒரு கிலோவுக்கு என ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிட வேண்டும். இதில் எண்ணெய் பலரையும் ஏமாற்றிவிடும். ஒரு கடை லிட்டர் கணக்கிலும் மற்றொன்று கிலோ கணக்கிலும் விற்கும். ஒரு லிட்டர் சமையல் எண்ணெயின் எடையோ ஏறத்தாழ 910 முதல் 920 கிராம்தான். ஒரு லிட்டரும் ஒரு கிலோவும் ஒரே விலை என்றால், கிலோவாக வாங்குபவருக்கு ஏறக்குறைய 9 விழுக்காடு கூடுதலாகக் கிடைக்கிறது. தேன் இதற்கு நேர்மாறு. ஒரு லிட்டர் தேன் சுமார் 1.4 கிலோ நிற்கும்.

சலுகைகளைச் சொல்லும் விதத்தையும் ஒரே மொழிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். ‘இரண்டாவது பொட்டலம் பாதி விலை’ என்பது இரண்டும் சேர்ந்து 25 விழுக்காடு குறைவு. ‘25 விழுக்காடு கூடுதல் அளவு’ என்பதோ 20 விழுக்காடு குறைவுதான். ‘20 விழுக்காட்டுக்கு மேல் மேலும் 10’ என்றால் மொத்தம் 28, முப்பதல்ல. ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்பது இரண்டையும் கெடுவதற்குள் பயன்படுத்த முடிந்தால் மட்டுமே பாதி விலை.

இந்தக் கடைசிக் கருத்து இயற்கை உணவுப் பொருள்களுக்கு மிகவும் பொருந்தும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். முழுத் தானிய மாவில் முளைப்பகுதியின் எண்ணெயும் சேர்ந்தே அரைபடுவதால், அது தீட்டிய மாவைவிட விரைவில் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். பருப்பு வகைக் கொட்டைகளும் விதைகளும் அப்படியே. சலுகை என்று ஐந்து கிலோ வாங்கி இரண்டு கிலோவைக் கொட்டினால், உண்மையில் மூன்று கிலோவுக்கே ஐந்து கிலோ விலை கொடுத்திருக்கிறீர்கள். தொட்டியிலிருந்து அள்ளித் தரும் சில்லறைச் சரக்கு பெரும்பாலும் மலிவு. ஆனால் மூட்டையை எப்போது பிரித்தார்கள் என்று கேளுங்கள். நான் எப்போதும் ஒரு கொட்டையை இரண்டாக உடைத்து முகர்ந்து பார்த்த பிறகே வாங்குகிறேன். பழைய சரக்கு வெளித்தோற்றத்தில் நன்றாகவே இருக்கும். உடைத்த இடத்தில் பழைய வண்ணப்பூச்சைப் போன்ற நெடி வந்துவிடும்.

ஒப்பிடும் இரண்டும் ஒரே தரமா என்பதையும் பாருங்கள். ‘இயற்கையானது’ என்ற சொல்லும், இரசாயனமின்றி விளைவித்ததற்கான சான்று முத்திரையும் ஒன்றல்ல. பதப்படுத்திய உணவில் அந்த முத்திரையைப் பதிக்க, அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் வேளாண் சேர்மானங்களில் குறைந்தது 95 விழுக்காடு அவ்வாறு விளைந்ததாக இருக்க வேண்டும். முத்திரை இல்லாத பொருள் மலிவாக இருப்பதில் வியப்பில்லை. அதைச் சலுகை என்று எண்ணிவிடக் கூடாது.

இவ்வளவையும் ஒவ்வொரு வாரமும் எல்லாப் பொருளுக்கும் செய்ய வேண்டியதில்லை. உங்கள் செலவின் பெரும்பகுதி பதினைந்து இருபது பொருள்களுக்குள் அடங்கிவிடும். அவற்றின் பெயரை ஒரு குறிப்பேட்டில் எழுதி, மூன்று கடைகளிலும் ஒரு கிலோ என்ன விலை என்பதைத் தேதியோடு குறித்துவாருங்கள். இரண்டு மூன்று மாதங்களில் ஒவ்வொரு பொருளும் எவ்வளவு வரை இறங்குகிறது, எத்தனை வாரத்துக்கு ஒருமுறை இறங்குகிறது என்பது தெரிந்துவிடும். பிறகு சலுகைப் பட்டியலை உங்கள் குறிப்பேட்டோடு ஒப்பிட்டாலே போதும்; அடுத்த இறக்கம் வரும்வரை தேவையானதை மட்டும் வாங்கி வைக்கலாம்.

பட்டியலின் முதல் பக்கத்தில் இருக்கும் ஓரிரு பொருள்களை, ஆட்களை உள்ளே வரவழைப்பதற்காகக் கடைக்காரர் நட்டத்துக்கே விற்பதும் உண்டு. அவற்றைத் தயங்காமல் வாங்குங்கள். ஆனால் அதற்காக மட்டுமே போகும் கடையில் மற்ற சாமான்களையும் அவர்கள் விலைக்கு அள்ளி வந்தால், மிச்சம் பிடித்தது அங்கேயே போய்விடும். ஒரு வாரத்தில் ஒரு கடையை முதன்மையாகவும், போக்குவரத்துச் செலவைக் கழித்த பின்னும் மிச்சம் தெரிந்தால் மட்டும் மற்றொன்றைத் துணையாகவும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது கடையின் சலுகையை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.