புதிய கைபேசியில் கஸ்டம் ரோம் நிறுவலாம். ரூட் செய்வதைப் பிறகு யோசிக்கலாம்

புதிதாக வாங்கிய பிக்சல் 8ஏ கைபேசியை ரூட் செய்து அதில் லினியேஜ்ஓஎஸ் என்ற கஸ்டம் ரோமை, அதாவது மாற்று இயங்குதளத்தை, நிறுவ விரும்புவதாகவும், எதிலிருந்து தொடங்குவது, யுபிஐ உள்ளிட்ட வங்கிச் செயலிகள் அதன் பிறகும் இயங்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கஸ்டம் ரோம் தாராளமாக நிறுவலாம். நீங்கள் வாங்கியிருப்பது அதற்கு மிகவும் ஏற்ற கைபேசி. ஆனால் ரூட் செய்வது தனி வேலை. கஸ்டம் ரோம் நிறுவ ரூட் தேவையில்லை. ரூட் செய்யக் கஸ்டம் ரோமும் தேவையில்லை. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது பூட்லோடரைத் திறப்பது மட்டுமே. நீண்ட காலமாக இந்த வேலையில் ஈடுபட்டிருப்பவன் என்ற முறையில் நான் சொல்வது இதுதான்: கைபேசியில் உங்கள் தரவு எதுவும் சேர்வதற்கு முன்பே முடிவெடுத்து ரோமை நிறுவிவிடுங்கள், ரூட் இல்லாமலேயே சில காலம் பயன்படுத்திப் பாருங்கள், ரூட் இல்லாமல் நடக்காத ஒரு வேலை உண்மையிலேயே வந்தால் அன்றைக்கு ரூட் செய்துகொள்ளலாம்.

பூட்லோடர் என்பது கைபேசியை இயக்கியதும் முதலில் ஓடும் நிரல். அடுத்து ஏற்றப்படவிருக்கும் இயங்குதளத்தில் தயாரிப்பாளரின் டிஜிட்டல் கையொப்பம் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அது இயங்குதளத்தை ஓட விடுகிறது. பூட்லோடரைத் திறந்தால் இந்தக் கட்டாயம் நீங்குகிறது. கஸ்டம் ரோம், ஆண்ட்ராய்டின் திறந்த மூலநிரலிலிருந்து வேறொரு குழு உருவாக்கித் தரும் முழு இயங்குதளம். ரூட் என்பதோ லினக்ஸில் எல்லா அதிகாரமும் பெற்ற கணக்கு. அந்த அதிகாரம் பெற்ற செயலி, பிற செயலிகளின் தனிப்பட்ட கோப்புகளைப் படிக்கலாம், இயங்குதளக் கோப்புகளை மாற்றலாம், எதையும் அழிக்கலாம்.

இவை மூன்றும் ஒன்றாகவே பேசப்படுவதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 2008-இல் வெளிவந்த முதல் ஆண்ட்ராய்டு கைபேசியான எச்டிசி ட்ரீமில் ஒரு விநோதமான பிழை இருந்தது. விசைப்பலகையில் எதைத் தட்டினாலும் அது பின்னணியில் ரூட் அதிகாரத்துடன் ஒரு கட்டளையாகவும் ஓடியது. யாருக்கோ அனுப்பும் செய்தியில் ‘ரீபூட்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தட்டி எண்டர் விசையை அழுத்தினால் கைபேசி உண்மையிலேயே மறுதொடக்கம் ஆனது. அந்த ஓட்டை வழியாக ரூட் பெற்றவர்கள்தான் அதன் உதவியால் மாற்று இயங்குதளங்களையும் நிறுவத் தொடங்கினார்கள். ஸ்டீவ் கோண்டிக் 2009-இல் தொடங்கிய சயனோஜென்மாட் அவற்றுள் மிகப் பெரியதாக வளர்ந்தது. பின்னர் அதைச் சுற்றி உருவான நிறுவனம் 2016 டிசம்பரில் தன் சேவைகளை நிறுத்தியபோது, தன்னார்வலர்கள் அதே மூலநிரலைக் கொண்டு லினியேஜ்ஓஎஸ் திட்டத்தைத் தொடங்கினார்கள். இன்றைய பிக்சலில் ஓட்டை எதையும் தேட வேண்டியதில்லை. பூட்லோடரைத் திறக்கும் வழியைக் கூகுளே வைத்திருக்கிறது.

அந்தக் காலத்தில் நம்மவர்களுக்கு ரூட் செய்யத் தனிக் காரணமும் இருந்தது. ஆண்ட்ராய்டு 2 பதிப்புகள் ஓடிய பல கைபேசிகளில் தமிழ் எழுத்துகள் வெறும் கட்டங்களாகத்தான் தெரிந்தன. தமிழ் எழுத்துருக் கோப்பை, இயங்குதளம் இருக்கும் சிஸ்டம் பகுதிக்குள் வைக்க ரூட் வேண்டும். அப்படி வைத்த பிறகும் ‘கெ’, ‘கொ’ போன்றவற்றில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். தாய்மொழியைத் திரையில் படிப்பதற்காகவே உத்தரவாதத்தைப் பணயம் வைத்தவர்கள் இருந்தார்கள் என்பதை இன்றைய பயனர்கள் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இப்போது அத்தகைய கட்டாயங்கள் பெரும்பாலும் இல்லை. விளம்பரத் தடுப்புக்கு, ஆண்ட்ராய்டு 9 முதல் அமைப்புகளிலேயே இருக்கும் பிரைவேட் டிஎன்எஸ் (இணைய முகவரிகளைத் தேடித் தரும் சேவையை நாமே தெரிவுசெய்யும் வசதி) பெருமளவு போதுமானது. முன்கூட்டியே ஏற்றப்பட்ட வேண்டாத செயலிகளைக் கணினியிலிருந்து கைபேசிக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி என்ற கருவி வழியாக உங்கள் பயனர் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம். ரூட் இன்றும் ஈடின்றி நிற்கும் இடம் ஒன்று உண்டென்றால், அது செயலிகளை அவற்றின் உள்தரவோடு முழுமையாகக் காப்பெடுப்பதுதான். அது உங்களுக்கு அன்றாடத் தேவையா என்பதை நீங்களே முடிவுசெய்யுங்கள்.

பூட்லோடரை முதலிலேயே திறக்கச் சொல்வதற்குக் காரணம், திறக்கும் கணத்தில் கைபேசியின் தரவு முழுவதும் அழிக்கப்படுகிறது என்பது. ஆறு மாதம் பயன்படுத்திய பிறகு திறந்தால் படங்கள், உரையாடல்கள், இருபடிச் சரிபார்ப்புக் குறியீடுகள் என எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். புதிய கைபேசியில் இழப்பதற்கு எதுவும் இல்லை. அமைப்புகளில் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் தோன்றும்; அதனுள், பூட்லோடரைத் திறக்க அனுமதிக்கும் ‘ஓஈஎம் அன்லாக்கிங்’ என்ற தெரிவை இயக்குங்கள். பிக்சலில் இத்தெரிவு உயிர்பெற ஒரு முறையாவது இணைய இணைப்பு தேவை. இணையம் இருந்தும் அது மங்கலாகவே நின்றால், கைபேசி எங்கே வாங்கப்பட்டது என்று பாருங்கள். அமெரிக்காவில் வெரைசன் நிறுவனம் விற்கும் பிக்சல்களில் பூட்லோடரைத் திறக்க வழி கிடையாது. அங்கிருந்து உறவினர் கொண்டுவந்து தந்த கைபேசி என்றால் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. தெரிவை இயக்கிய பிறகு கைபேசியை, இயங்குதளம் ஏறாமல் கணினியின் கட்டளைக்குக் காத்திருக்கும் ஃபாஸ்ட்பூட் நிலைக்குக் கொண்டுசென்று, கணினியிலிருந்து ‘ஃபாஸ்ட்பூட் ஃபிளாஷிங் அன்லாக்’ கட்டளையை அனுப்பி, கைபேசித் திரையில் ஒலி விசையால் தெரிவுசெய்து உறுதிப்படுத்தினால் வேலை முடிந்தது.

மற்ற நிறுவனங்களின் கைபேசிகளில் இவ்வளவு எளிதல்ல. ஷாவ்மியில் கணக்கைப் பதிந்துவிட்டு நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஹுவாவே 2018-லேயே திறப்புக் குறியீடு தருவதை நிறுத்திவிட்டது. சாம்சங்கில் அதிகாரபூர்வமற்ற மென்பொருளை ஏற்றினால் நாக்ஸ் எனப்படும் பாதுகாப்பு அமைப்பின் மின் உருகி ஒன்று எரிந்துவிடும். பழைய மென்பொருளுக்கே திரும்பினாலும் செக்யூர் ஃபோல்டர் போன்ற வசதிகள் அந்தக் கைபேசியில் மீண்டும் வேலை செய்யா. காசு கொடுத்து வாங்கிய பொருளில் எந்த இயங்குதளம் ஓட வேண்டும் என்று முடிவுசெய்யும் உரிமை வாங்கியவருக்கே உரியது என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்த உரிமையை மதிக்கும் நிறுவனங்கள் குறைந்துவருவது வருத்தம் தருகிறது. அடுத்த கைபேசி வாங்கும் எவரும் லினியேஜ்ஓஎஸ்ஸின் ஆதரவுப் பட்டியலைப் பார்த்துவிட்டே கடைக்குச் செல்ல வேண்டும் என்பேன்.

இனி நிறுவும் முறை. உங்கள் கைபேசிக்கான லினியேஜ் விக்கிப் பக்கத்தைக் கணினியில் திறந்துவைத்து அதன் வரிசையை அப்படியே பின்பற்றுங்கள். காணொளிகளை நம்ப வேண்டாம், அவை பெரும்பாலும் பழைய பதிப்புக்கு எடுக்கப்பட்டவை. 8ஏ-வின் உள்பெயர் ‘அகிதா’. பதிவிறக்கும் ரோம் கோப்பின் பெயரில் அது இருக்கிறதா என்று பாருங்கள். தொடங்குவதற்கு முன், அப்பக்கம் குறிப்பிடும் ஆண்ட்ராய்டு பதிப்புக்குக் கைபேசியைப் புதுப்பித்திருக்க வேண்டும். பிறகு அங்கே சொல்லப்பட்ட துணைக் கோப்புகளையும், இயங்குதளத்தை நிறுவ உதவும் சிறு நிரலான லினியேஜின் ரெக்கவரியையும் ஃபாஸ்ட்பூட் வழியாக ஏற்றி, ரெக்கவரிக்குள் நுழைந்து, தரவுப் பகுதியை ஃபார்மேட் செய்துவிட்டு, ரோம் கோப்பைக் கணினியிலிருந்து ஏடிபி வழியாக அனுப்பி நிறுவ, அதாவது சைட்லோட் செய்ய வேண்டும்.

புதியவர்கள் பதறுவது இந்த இடத்தில்தான். கணினித் திரையில் விழுக்காடு ஏறிக்கொண்டே வந்து 47-இல் நின்றுவிடும். சில சமயம் ‘கட்டளையைப் படிக்க முடியவில்லை’ என்ற பிழைச் செய்தியும், அதன் அருகிலேயே ‘வெற்றி’ என்ற சொல்லும் சேர்ந்தே தோன்றும். பெரும்பாலும் நிறுவல் சரியாக முடிந்துவிட்டது என்பதே இதன் பொருள். கைபேசித் திரையில் உள்ள செய்தியைத்தான் நம்ப வேண்டும். அவசரப்பட்டுக் கேபிளைப் பிடுங்கிவிடாதீர்கள். அடுத்து, கூடுதல் தொகுப்புகளை நிறுவ மீண்டும் ரெக்கவரிக்கே செல்லவா என்று கேட்கும். கூகுள் சேவைகள் வேண்டுமென்றால் அதற்கு ஆம் என்று சொல்லி, மைண்ட்தகேப்ஸ் தொகுப்பை இந்தக் கட்டத்திலேயே ஏற்றிவிட வேண்டும். இயங்குதளத்தை ஒரு முறை தொடங்கிவிட்டால், பிறகு கூகுள் சேவைகளைச் சேர்ப்பதற்கு மீண்டும் எல்லாவற்றையும் அழிக்க வேண்டியிருக்கும். அத்தொகுப்பை ஏற்றும்போது கையொப்பச் சரிபார்ப்பு தோல்வி என்று எச்சரிக்கை வரும். அது லினியேஜின் சாவியால் கையொப்பமிடப்படாதது என்பதால் அந்த எச்சரிக்கை இயல்பானதே, தொடரலாம்.

ரூட் செய்துதான் ஆக வேண்டும் என்றால் மேஜிஸ்க் என் தெரிவு. ஜான் வு 2016-இல் உருவாக்கிய இக்கருவி சிஸ்டம் பகுதியைத் தொடுவதில்லை. கைபேசி தொடங்கும்போது பூட்லோடர் ஏற்றும் தொடக்கப் படிமக் கோப்பை மட்டும் மாற்றியமைக்கிறது. ஆண்ட்ராய்டு 13-க்குப் பிறகு வெளிவந்த பிக்சல்களில் மாற்ற வேண்டியது ‘இனிட் பூட்’ படிமத்தை. பழைய வழிகாட்டிகள் சொல்லும் ‘பூட்’ படிமத்தை அல்ல. கைபேசியில் அப்போது ஓடும் அதே மென்பொருள் பதிப்புக்கு உரிய படிமத்தையே எடுத்து, மேஜிஸ்க் செயலியால் மாற்றி, கணினிக்குக் கொண்டுவந்து ஃபாஸ்ட்பூட்டில் ஏற்றுங்கள். மாற்றப்படாத மூலப் படிமத்தைக் கணினியில் தனியே பத்திரப்படுத்துங்கள். கைபேசி எழாமல் சுழன்றுகொண்டே இருந்தால் அதைத் திரும்ப ஏற்றினால் பெரும்பாலும் மீண்டுவிடும்.

வங்கிச் செயலிகள் பற்றிய கேள்விக்கு வருகிறேன். இவற்றில் பல, கூகுளின் ப்ளே இன்டெக்ரிட்டி என்ற சோதனையை நம்பியிருக்கின்றன. கைபேசிக்குள் இருக்கும் பாதுகாப்பு வன்பொருள், பூட்லோடர் பூட்டியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கையொப்பமிட்ட சான்று ஒன்றைத் தருகிறது; அதை மென்பொருளால் திருத்த முடியாது. 2025 மே மாதம் முதல், ஆண்ட்ராய்டு 13-லும் அதற்குப் பிந்தைய பதிப்புகளிலும் அதன் மூன்று நிலைகளில் இடைநிலைச் சோதனைக்கும் இந்த வன்பொருள் சான்று கட்டாயமாகிவிட்டது. ஆகவே ரூட் செய்யாவிட்டாலும், கம்பெனி மென்பொருளையே வைத்திருந்தாலும், பூட்லோடர் திறந்திருக்கும் வரை இச்சோதனையில் தேற முடியாது. மேஜிஸ்க்கின் மறைப்பு வசதி எளிய ரூட் சோதனைகளை மட்டுமே ஏமாற்றும். கசிந்த சான்றுச் சாவிகளை இணையத்தில் தேடிப் போடுபவர்களும் உண்டு. கூகுள் அவற்றை அவ்வப்போது முடக்குகிறது, முடங்கும் நாளன்று கடையில் பணம் செலுத்த முடியாமல் நிற்க நேரிடும். இந்தத் துரத்தலில் இறங்க வேண்டாம் என்று அழுத்தமாகவே கேட்டுக்கொள்கிறேன்.

எல்லா வங்கிகளும் ஒரே அளவு கண்டிப்பு காட்டுவதில்லை. உங்கள் செயலி எப்படி நடந்துகொள்ளும் என்பதை நிறுவிப் பார்த்துத்தான் அறிய முடியும். உறுதியான வழி, பழைய கைபேசியைப் பூட்டிய நிலையிலேயே பணப் பரிமாற்றத்துக்கு வைத்துக்கொள்வது. யுபிஐ பதிவின்போது வங்கியில் பதிந்த எண்ணுள்ள சிம்மிலிருந்து குறுஞ்செய்தி செல்ல வேண்டும் என்பதால், அந்தச் சிம்மையும் அதே கைபேசியில் போட வேண்டியிருக்கும். கைபேசி ஒன்றுதான், யுபிஐ இல்லாமல் முடியாது என்ற நிலை உங்களுடையதானால், பூட்லோடரைத் திறக்காமலேயே விட்டுவிடுங்கள். 2024-இல் வெளிவந்த 8ஏ-வுக்குக் கூகுள் ஏழு ஆண்டுகள் புதுப்பிப்பு தருவதாக உறுதியளித்திருக்கிறது, அவசரம் ஒன்றுமில்லை.

பாதுகாப்புதான் உங்கள் முதன்மை நோக்கம் என்றால் லினியேஜைவிட, பிக்சல்களுக்கான மற்றொரு கஸ்டம் ரோமான கிராபீன்ஓஎஸ் பொருத்தமானது. நிறுவிய பிறகு அதன் சொந்தச் சாவியைக் கொண்டே பூட்லோடரை மீண்டும் பூட்டிவிடலாம். கைபேசி தொடங்கும்போது மஞ்சள் நிற அறிவிப்பு ஒன்று மட்டும் வரும். ரூட் செய்வதை அத்திட்டத்தினர் ஏற்பதில்லை; ப்ளே இன்டெக்ரிட்டியின் இடைநிலைத் தேர்ச்சியும் அங்கே கிடைக்காது. லினியேஜில் பூட்லோடர் திறந்தே இருக்கும், ஒவ்வொரு தொடக்கத்திலும் எச்சரிக்கைத் திரை தோன்றும். கைபேசி பிறர் கைக்குச் சில நிமிடங்கள் தனியே கிடைத்தால் அதன் தொடக்கப் படிமத்தை மாற்றிவைக்க முடியும் என்பதே அதன் பொருள். பழுதுபார்க்கும் கடையில் விட்டுவிட்டு வருவதற்கு முன் இதை எண்ணிப் பாருங்கள்.

பழைய நிலைக்குத் திரும்ப விரும்பினால், கூகுளின் ஆண்ட்ராய்டு ஃபிளாஷ் கருவி குரோம் உலாவியிலிருந்தே மூல மென்பொருளை ஏற்றித் தரும். பழைய பதிப்பைத் தேடி ஏற்றாதீர்கள். பிக்சல் 6 வரிசையில் 2022 ஆகஸ்டில் வந்த ஆண்ட்ராய்டு 13, முந்தைய பதிப்புக்குத் திரும்பும் வழியையே அடைத்துவிட்டது, அதன் பிறகும் இத்தகைய தடைகள் வரக்கூடும். லினியேஜ் இருக்கும்போதோ மேஜிஸ்க் இருக்கும்போதோ பூட்லோடரைப் பூட்டவே கூடாது. பூட்டினால் கைபேசி எழாமல் போகலாம். மூல மென்பொருளை முழுமையாக ஏற்றி, அது முகப்புத் திரை வரை வருவதைக் கண்ணால் பார்த்த பிறகு பூட்டுங்கள். பூட்டும்போது தரவு மீண்டும் ஒரு முறை அழியும். அதன் பிறகும் கைபேசி சரியாக எழுகிறது என்று உறுதியான பின்னரே டெவலப்பர் ஆப்ஷன்ஸில் ஓஈஎம் அன்லாக்கிங் தெரிவை அணையுங்கள். முன்னதாக அணைத்துவிட்டால், ஏதேனும் கோளாறு வரும்போது பூட்லோடரை மீண்டும் திறக்க வழியிருக்காது.