ஓட்டு போட்டாச்சு, இனி நம்ம ஊர் கவுன்சிலை எப்படி கேள்வி கேக்கறது?

அடுத்த தேர்தல் வரைக்கும் வாய மூடிட்டு இருக்கணுமான்னு கேட்டிருக்கீங்க, அப்படியெல்லாம் இல்லங்க. முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோங்க, பொதுவா கவுன்சிலருங்க கூட்டத்துல ஓட்டு போட்டு முடிவு எடுப்பாங்க, அத செஞ்சு முடிக்கறது சம்பளம் வாங்குற அதிகாரிங்க. ரோடு போட பணமே ஒதுக்கலைன்னா கவுன்சிலர புடிங்க, ஒதுக்கியும் வேலை நடக்கலைன்னா அதிகாரிய கேளுங்க, இது தெரியாமதான் பாதி பேர் தப்பான ஆள்கிட்ட கத்திட்டு வர்றாங்க.

என்னைக் கேட்டா பட்ஜெட்தான் முக்கியம், அதுவும் பாஸ் ஆகறதுக்கு முன்னாடியே பாக்கணும், அப்புறம் பாத்து புலம்பி பிரயோஜனம் இல்ல. பிரேசில்ல போர்ட்டோ அலெக்ரே நகரத்துல 1989ல ஆரம்பிச்சு மக்களே ஏரியா ஏரியாவா கூடி எந்த வேலைக்கு முதல்ல பணம்னு சொன்னாங்க, அத பாத்து உலகம் பூரா நிறைய ஊர்ல காப்பி அடிச்சாங்க.

அப்புறம் கவுன்சில் கூட்டத்துல என்ன முடிவு பண்ணாங்கன்னு எழுதி வச்ச கூட்டக் குறிப்பு, கணக்கை சரிபார்த்த ஆடிட் ரிப்போர்ட் ரெண்டையும் கேட்டு வாங்குங்க. தன் சொந்தக்காரருக்கு காண்ட்ராக்ட் வர்ற விஷயம்னா கவுன்சிலர் அத வெளிப்படையா சொல்லிட்டு ஒதுங்கணும்னு பல நாட்டுல சட்டமே இருக்கு. புகார எழுத்துல குடுங்க, தேதி போட்டு ரசீது வாங்கிக்கோங்க, வாயால சொன்னது காத்தோட போயிடும்.