வேர்பிடித்த போத்துகளும் குளிர்காலமும்

கேள்வி: கோடையின் முடிவில் ஜெரேனியம், கோலியஸ் செடிகளிலிருந்து போத்துகளை (நட்டு வேர்பிடிக்க வைக்கும் தண்டுத்துண்டுகளை) வெட்டிப் பெரிய தொட்டிகளில் நட்டேன். மூன்று வாரங்களில் வேர்பிடித்துத் துளிரும் விட்டன. குளிர் தொடங்கிய ஒரு மாதத்துக்குள் பெரும்பாலானவை அடித்தண்டு கறுத்துச் சாய்ந்துவிட்டன. வீட்டுக்குள் சன்னலோரத்தில்தான் வைத்திருந்தேன். தண்ணீரும் தவறாமல் ஊற்றினேன். குளிர்தான் காரணமா?

பதில்: “தண்ணீரும் தவறாமல் ஊற்றினேன்” என்று எழுதியிருக்கிறீர்களே, என் சந்தேகம் அங்கேதான் விழுகிறது. பகல் குறுகி வெளிச்சம் மங்கும்போது இலைகள் வெளியேற்றும் நீரின் அளவு குறைந்துவிடுகிறது. கோடையில் இரண்டு நாளில் காய்ந்த மண், அதே அளவு தண்ணீருக்கு, குளிர்காலத்தில் ஒரு வாரத்துக்கு மேலும் ஈரமாகவே கிடக்கும். காற்றோட்டமற்ற அந்த ஈரத்தில் இளவேர்கள் மூச்சுமுட்டி அழுக, பித்தியம் என்னும் பூஞ்சை போன்ற நுண்ணுயிர் தண்டுக்குள் ஏறுகிறது. ஜெரேனியத்தின் அடித்தண்டு கறுப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

பெரிய தொட்டியும் இதற்குத் துணைபோயிருக்கிறது, ஏனெனில் விரல்நீளம்கூட இல்லாத வேர்த்தொகுதியால் அவ்வளவு மண்ணின் ஈரத்தை உறிஞ்ச முடியாது. எட்டு சென்டிமீட்டர் அகலமுள்ள சிறு தொட்டியே போதும்; வசந்தம் வரும்வரை அதை மாற்றவும் வேண்டாம். மேல்மண் காய்ந்து, கையில் தூக்கினால் தொட்டி இலேசாக இருக்கும்போது மட்டும் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். உரம் அறவே கூடாது. அந்த மாதங்களில் போத்து வளர வேண்டியதில்லை, உயிரோடிருந்தால் போதும்; நம்மில் பலருக்கு அதைச் சும்மா விட்டுவைக்க மனம் வராததுதான் சிக்கல்.

உங்கள் இரு செடிகளையும் ஒரே இடத்தில் வைத்ததும் சரியல்ல. நல்ல வெளிச்சம் இருந்தால் ஜெரேனியம் 5 முதல் 10 டிகிரி செல்சியஸ் குளிரில் சற்றே உலர்ந்த மண்ணில் அமைதியாக இருந்துவிடும்; வெப்பமான, இருண்ட அறையில்தான் வெளிறி நெடுநெடுவென்று நீளும். கோலியஸோ 10 டிகிரிக்குக் கீழே தாங்காது. அதற்கு 15 டிகிரிக்குக் குறையாத இடம் வேண்டும், இரவில் அதன் இலை சன்னல் கண்ணாடியைத் தொடவும் கூடாது. உதிர்ந்த இலைகளை அன்றன்றே எடுத்துவிடுங்கள். சாம்பல் பூசணம் அவற்றில்தான் முதலில் குடியேறும்.

அடுத்த முறை, குளிருக்கு ஆறு முதல் எட்டு வாரங்கள் முன்பே, கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, கீழிலைகளை நீக்கி, மணலோ பெர்லைட்டோ (இலேசான வெண்ணிற எரிமலைக்கல் துகள்) கலந்த நீர்வடியும் கலவையில் நடுங்கள். ஈரப்பதம் காக்க கோலியஸைப் பாலித்தீன் உறையால் மூடலாம். சதைப்பற்றுள்ள ஜெரேனியத்தை மூடினால் அழுகும், வெட்டுவாய் உலரச் சில மணிநேரம் விட்டு நட்டால் நல்லது.

கேள்வி: தண்ணீர்க் குவளையில் வேர்விட்ட கோலியஸை அப்படியே குளிர்காலம் முழுவதும் வைத்திருக்கலாமா?

பதில்: வைத்திருக்கலாம், வாரமொருமுறை தண்ணீரை மாற்றினால் போதும். ஆனால் தண்ணீரில் வளர்ந்த வேர் எளிதில் ஒடியும், மண்ணுக்கு உடனே பழகாது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீண்டதுமே மண்ணுக்கு மாற்றி, முதல் இரு வாரங்கள் மட்டும் சற்று கூடுதல் ஈரத்தில் வைப்பதே எளிது. தவறவிட்டவர்கள் வசந்தத்தில் அதன் நுனிகளைக் கிள்ளிப் புதிதாக நடலாம். நான் இதையே விரும்புவேன்.

கேள்வி: ரோஜாக் குச்சியில் இலை வந்துவிட்டது. வேரும் வந்திருக்குமா? பிடுங்கிப் பார்க்கலாமா?

பதில்: பிடுங்காதீர்கள். முற்றிய குச்சி, வேரே இல்லாமல், தன்னுள் சேர்த்துவைத்த உணவைக்கொண்டே இலை விடும். மெல்ல இழுத்துப் பாருங்கள்: மண் பிடித்திழுத்தால் வேர் இருக்கிறது, வழுக்கி வந்தால் மண்ணை அழுத்திவிட்டு இன்னும் சில வாரங்கள் காத்திருங்கள்.