‘இன் ஆர்டர் டு’ எங்கே வேண்டும்?

கேள்வி: அலுவலகக் கடிதங்களில் நான் ‘இன் ஆர்டர் டு’ என்று எழுதினாலே மேலாளர் அதை அடித்துவிட்டு ‘டு’ மட்டும் போடுகிறார். நான் எழுதுவது தவறா?

பதில்: தவறே இல்லை. ஆனால் அவர் அடிப்பதிலும் நியாயம் உண்டு. எதற்காகச் செய்கிறோம் என்று சொல்ல, பெரும்பாலும் ‘டு’ ஒன்றே போதும். ‘ஐ நீட் லீவ் டு அட்டெண்ட் எ வெட்டிங்’ என்ற வாக்கியத்தில் ‘இன் ஆர்டர்’ சேர்த்தால் பொருள் துளியும் கூடாது, நீளம்தான் கூடும்.

சரி, அது தேவைப்படும் இடமே இல்லையா? இருக்கிறது. ‘வீ ரிஜெக்டட் தி பிளான் டு சேவ் மனி’ என்று எழுதிப் பாருங்கள். பணத்தை மிச்சம் பிடிக்கும் திட்டத்தை நிராகரித்தோமா, பணத்தை மிச்சம் பிடிப்பதற்காகத் திட்டத்தை நிராகரித்தோமா? இரண்டு விதமாகவும் படிக்கலாம். ‘டு’வுக்கு முன்னால் ‘இன் ஆர்டர்’ போட்டால் இரண்டாவது பொருள் மட்டுமே நிற்கும். இப்படிப்பட்ட இடத்தில் மேலாளர் அடித்தால் தயங்காமல் எடுத்துச் சொல்லுங்கள்.

அதேபோல, ஒன்று நடக்கக் கூடாது என்பதற்காகச் செய்யும்போதும் இது வேண்டும். ‘ஐ டுக் எ டாக்சி நாட் டு மிஸ் தி டிரெயின்’ என்பது காதுக்கு இடறும். ‘இன் ஆர்டர் நாட் டு மிஸ்’ என்பதே இயல்பு. ‘சோ ஆஸ் நாட் டு’ என்றும் எழுதலாம்.

இதைவிட நான் அதிகம் திருத்துவது வேறொன்றை: ‘ஐ கேம் டு சென்னை ஃபார் ஸ்டடியிங்’. ‘படிப்பதற்காக’ என்று மனதில் ஓடுவதால் ‘ஃபார்’ தானாக வந்து விழுகிறது. ‘டு ஸ்டடி’ என்று எழுதுங்கள். பெயர்ச்சொல் வந்தால் ‘ஃபார்’ சரிதான். ‘ஃபார் ஹையர் ஸ்டடீஸ்’ எனலாம். ஒரு பொருள் எதற்குப் பயன்படுகிறது என்று சொல்லும்போதும் ‘எ மெஷின் ஃபார் கட்டிங் பேப்பர்’ சரி.

அப்புறம், நீங்கள் ஒன்றைச் செய்து, அதனால் இன்னொருவர் வேறொன்றைச் செய்ய வேண்டும் என்றால் ‘சோ தட்’ பக்கம் போய்விடுங்கள். பில்லை அனுப்புவது நீங்கள், பாஸ் செய்வது கணக்குப் பிரிவு: ‘ஐ ஆம் சென்டிங் தி பில் சோ தட் யூ கேன் பாஸ் இட்’.