ஆபீசுக்கு மட்டும் மூத்த பணியாளர் சலுகை: பேக்கிங் தொழிலாளி என்ன செய்யலாம்?

கேள்வி: மருந்து தயாரிக்கும் தனியார் தொழிற்சாலையில் 22 வருடமாக பேக்கிங் பிரிவில் நிரந்தரத் தொழிலாளியாக இருக்கிறேன். வயது 54. நாள் முழுக்க நின்றபடியே பெட்டி அடுக்கும் வேலை. இரண்டு முழங்காலிலும் தேய்மானம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கம்பெனியில் 50 வயது தாண்டியவர்களுக்கு என்று ஒரு திட்டம் அறிவித்தார்கள். வருடாந்திர உடல் பரிசோதனை, டாக்டரைப் பார்க்க மாதம் அரை நாள் சம்பளத்தோடு விடுப்பு, முதுகுக்கு ஏற்ற நாற்காலி, வீட்டிலிருந்து வேலை பார்க்கும் வசதி. எல்லாம் ஆபீஸ் ஊழியர்களுக்கு மட்டும். கேட்டால், "உங்க வேலையோட தன்மைக்கு இது பொருந்தாது" என்கிறார் எச்.ஆர். லைன் ஓரத்தில் பல வருடமாகக் கிடந்த ஸ்டூல்களையும் புது மேனேஜர் எடுத்துவிட்டார். "முடியலைன்னா வி.ஆர்.எஸ். எழுதிக் கொடுத்துட்டுப் போங்கம்மா" என்கிறார். இப்படிப் பிரித்துப் பார்க்கச் சட்டத்தில் இடம் இருக்கிறதா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் அவசரம். வி.ஆர்.எஸ். (விருப்ப ஓய்வு) என்றோ ராஜினாமா என்றோ நீட்டப்படும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்களாக எழுதிக் கொடுத்தால் அது சட்டப்படி ஆட்குறைப்பு ஆகாது. கம்பெனி உங்களை ஆட்குறைப்பு செய்தால் குறைந்தது ஒரு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டும். உங்கள் 22 வருடத்துக்கு அது 330 நாள் சம்பளம். பணிக்கொடை (கிராஜுவிட்டி) இதில் சேராது. நீங்களே விலகினாலும் அது உங்களுக்கு வந்தாக வேண்டிய பணம். மேலும் ஆட்குறைப்பில் ஒரே வகை வேலை செய்பவர்களில் கடைசியாகச் சேர்ந்தவர்தான் பொதுவாக முதலில் போக வேண்டும். அந்த வரிசையில் 22 வருடக்காரரான உங்கள் முறை வருவது எளிதல்ல. மேனேஜர் உங்களையே எழுதச் சொல்வதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ஏற்கெனவே வற்புறுத்தலில் கையெழுத்துப் போட்டுவிட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், அது ஏற்கப்பட்டு நடைமுறைக்கு வருவதற்குள் "திரும்பப் பெறுகிறேன்" என்று இன்றே பதிவுத் தபாலில் எழுதுங்கள்.

இனி உங்கள் கேள்வி. வயதின் அடிப்படையில் பாகுபாடு காட்டக்கூடாது என்று தனியார் நிறுவனங்களைப் பொதுவாகக் கட்டுப்படுத்தும் சட்டம் இந்தியாவில் இல்லை. அமெரிக்காவில் 40 வயது நிரம்பியவர்களுக்கு 1967-லேயே தனிச் சட்டம் வந்தது. பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டத்தில் வயதும் ஒரு பாதுகாக்கப்பட்ட தன்மை. மூத்த தொழிலாளர்களுக்காகவே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1980-ல் 162-ஆம் பரிந்துரையை வெளியிட்டது, ஆனால் பரிந்துரை யாரையும் கட்டுப்படுத்தாது. நம் அரசியலமைப்பின் 14-ஆம் பிரிவு தரும் சமத்துவத்தை அரசுக்கு எதிராகத்தான் கேட்க முடியும், உங்கள் கம்பெனிக்கு எதிராக முடியாது. இது பெரிய குறை. வேலை செய்து தேய்ந்த உடம்புக்கு ஒரு பாதுகாப்பு வேண்டும் என்று இத்தனை வருடத்தில் சட்டமன்றங்களுக்குத் தோன்றாதது எனக்கு மிகுந்த வருத்தம்.

அதனால் "வயதானவளை ஒதுக்குகிறார்கள்" என்று மட்டும் மனு எழுதினால் அது நிற்காது. உங்கள் குறையைச் சட்டம் பெயர் வைத்திருக்கும் விஷயங்களாகப் பிரித்து எழுத வேண்டும். அப்படிப் பிரித்தால் உங்கள் வழக்கு நீங்கள் நினைப்பதைவிட வலுவானது.

ஸ்டூலில் தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்திலேயே பலமான இடம் அதுதான். நின்றபடி வேலை செய்யும் தொழிலாளர்களுக்கு, வேலைக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-ஆம் பிரிவு சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கும் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் சட்டத்தொகுப்பிலும் இந்தக் கடமை நலவசதிகளில் ஒன்றாகத் தொடர்கிறது. கடை ஊழியர்களுக்கு இதே உரிமையைக் கேரளம் 2018-லும் தமிழ்நாடு 2021-லும் சட்டத் திருத்தமாகக் கொண்டுவந்தன. ஆக ஸ்டூல் என்பது மேனேஜர் மனசு வைத்துக் கொடுக்கும் சலுகை அல்ல. 50 வயது, 30 வயது என்ற கணக்கும் அதற்குக் கிடையாது.

அது பல வருடமாக அங்கே கிடந்தது என்கிறீர்கள். வழக்கமாக இருந்துவந்த சலுகை ஒன்றைப் பறிப்பதாக இருந்தால் 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்பது பழைய தொழில் தகராறுகள் சட்டத்தின் 9-ஏ பிரிவு. இப்போது அது தொழிலுறவுச் சட்டத்தொகுப்பின் 40-ஆம் பிரிவு. உங்களுக்கு நோட்டீஸ் வந்ததா? நோட்டீஸ் போர்டில் ஏதாவது ஒட்டினார்களா? இரண்டும் இல்லையென்றால் மனுவில் இப்படி எழுதுங்கள்: "பேக்கிங் லைனில் நான் சேர்ந்த காலம் முதல் தொழிலாளர்கள் உட்காரப் போடப்பட்டிருந்த ஸ்டூல்கள், இன்ன தேதியில், எந்த முன்னறிவிப்பும் இன்றி அகற்றப்பட்டன. அவற்றை மீண்டும் அதே இடத்தில் போட்டுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்." இதில் உங்கள் வயதும் வேண்டாம், மேனேஜரைப் பற்றிய ஒரு சொல்லும் வேண்டாம். அந்தத் தேதியும், லைனில் எத்தனை ஸ்டூல் இருந்தது என்பதும் வேண்டும். உடன் வேலை செய்யும் இரண்டு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது.

"வேலையின் தன்மை" என்ற பதிலை அப்படியே தள்ளிவிட முடியாது. வேலைக்கு வேலை வசதி மாறலாம், அதைச் சட்டம் ஒத்துக்கொள்கிறது. பேக்கிங் லைனை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, ஆகவே வீட்டிலிருந்து வேலை என்பதை விட்டுவிடுங்கள். ஆனால் ரத்தப் பரிசோதனைக்கும் வேலையின் தன்மைக்கும் என்ன சம்பந்தம்? டாக்டரைப் பார்க்க அரை நாள் என்பது கணக்கு எழுதுபவரின் முழங்காலுக்கு மட்டும் ஏன் பொருந்த வேண்டும்? எட்டு மணி நேரம் நிற்பவருக்குத்தான் அது முதலில் தேவை. அதனால் திட்டத்தை மொத்தமாகக் கேட்காமல், ஒவ்வொரு சலுகைக்கும் தனித்தனியாக "இது எந்த விதத்தில் என் வேலைக்குப் பொருந்தாது" என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் வரும் பதில் வேறு, எழுத்தில் வரும் பதில் வேறு.

இதில் உங்களுக்கு உதவும் ஒரு வாசகம் இருக்கிறது. தகுதியைப் பார்க்காமல் ஒரு தரப்புத் தொழிலாளர்களுக்கு மட்டும் சலுகை காட்டுவது, நியாயமற்ற தொழில் நடைமுறைகளின் பட்டியலில் பழைய சட்டத்திலும் புதிய தொகுப்பிலும் இருக்கிறது. எழுத்தர் வேலை பார்ப்பவரும் சட்டத்தின் பார்வையில் தொழிலாளிதான். எனவே ஆபீஸ் எழுத்தர்களுக்கும் உங்களுக்கும் இடையே காட்டிய வேறுபாட்டை இதன் கீழ் எழுப்பலாம். உறுதியாக ஜெயிக்கும் வாதம் என்று சொல்லமாட்டேன். வேலை வேறு என்று கம்பெனி எதிர்வாதம் செய்யும். ஆனால் சமரசப் பேச்சில் இது நல்ல பிடி.

உடல் பரிசோதனைக்குத் திட்டமே தேவையில்லை. விதிகளில் குறிப்பிடும் வயதினருக்கு வருடாந்திரப் பரிசோதனையை முதலாளி இலவசமாகச் செய்து தர வேண்டும் என்று புதிய சட்டத்தொகுப்பு சொல்கிறது. தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோது 40 வயது தாண்டிய தொழிலாளர்களுக்கு என்று மத்திய அரசு அறிவித்தது. அதைக் குறிப்பிட்டே கேளுங்கள்.

முழங்கால் தேய்மானம் வந்தாலே மாற்றுத்திறனாளி என்று ஆகிவிடாது. ஆனால் நீண்டகாலக் குறைபாடாக இருந்து நடமாட்டத்தைப் பாதித்தால், அரசு மருத்துவமனையில் மதிப்பீடு செய்து சான்று கேட்கலாம். சான்று கிடைத்தால் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனம் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட்டு, அதற்கென ஒரு தொடர்பு அலுவலரையும் வைத்திருக்க வேண்டும். உங்கள் எச்.ஆரிடம் அந்தக் கொள்கையின் நகலைக் கேட்டுப் பாருங்கள். ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்ல வேண்டும்: பணிக்காலத்தில் ஊனம் ஏற்பட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும் என்ற 20(4) பிரிவு அரசு நிறுவனங்களுக்குத்தான். அரசு போக்குவரத்து ஓட்டுநருக்குக் கிடைக்கும் அந்தப் பாதுகாப்பு தனியார் பேருந்து ஓட்டுநருக்குக் கிடையாது. ஒரே ஸ்டியரிங், ஒரே கண் கோளாறு, இரண்டு நீதி. நீங்கள் மாற்று வேலையைக் கோரிக்கையாக வைக்கலாம், இந்தப் பிரிவைக் காட்டி உரிமையாகக் கேட்க முடியாது.

இன்னொரு எச்சரிக்கை. வயது கூடியதும் சிலருக்கு "சூப்பர்வைசர்", "டீம் லீடர்" என்று பட்டம் கொடுப்பார்கள். 18,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்கும் மேற்பார்வையாளர் "தொழிலாளி" என்ற வரையறைக்குள் வரமாட்டார், அப்போது இந்தக் கதவுகள் பல மூடிக்கொள்ளும். பட்டம் எதுவானாலும் உண்மையில் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும். ஆனாலும் அதை நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். ஷிப்ட் சீட்டு, வேலை ஒதுக்கிய தாள் இவற்றைப் பத்திரமாக வைத்திருங்கள்.

உங்களோடு அதே லைனில் ஒப்பந்தத் தொழிலாளிகளாக இருக்கும் பெண்களையும் மறந்துவிடாதீர்கள். அவர்களில் பலர் உங்களைவிட வயதில் மூத்தவர்களாகவே இருப்பார்கள். அவர்களுக்கான நலவசதிகளைச் செய்து தருவது முதன்மை முதலாளியான கம்பெனியின் பொறுப்பு. "காண்ட்ராக்டரைக் கேளுங்கள்" என்று கைகாட்ட முடியாது.

எங்கே போவது என்றால், 20 பேரோ அதற்கு மேலோ தொழிலாளர்கள் உள்ள இடத்தில் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். தொழிலாளர் பிரதிநிதிகளும் நிர்வாகப் பிரதிநிதிகளும் அதில் சம எண்ணிக்கையில் இருப்பார்கள். முதல் மனு அங்கே. விசாரணைக்குச் சட்டம் குறிப்பிடும் காலம் 30 நாள். முடிவு சரியில்லை என்றாலோ, முடிவே வரவில்லை என்றாலோ, 60 நாளுக்குள் தொழிற்சங்கத்தின் மூலம் அரசின் சமரச அலுவலரிடம் போகலாம். சங்கத்தில் உறுப்பினராக இல்லையென்றால் இந்த வாரமே சேர்ந்துவிடுங்கள். ஸ்டூல் விஷயத்தை மட்டும் தனியாகத் தொழிற்சாலை ஆய்வாளருக்கும் எழுதுங்கள். அதற்குக் குழுவின் முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மனுவின் நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

குறை ஏற்பட்ட நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் குழுவிடம் மனு கொடுக்க வேண்டும். திட்டம் அறிவித்த தேதியையும் ஸ்டூலை எடுத்த தேதியையும் நீங்கள் எழுதவில்லை. எது முந்தியதோ அதற்கு ஒரு வருடம் ஆக இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொண்டு, மனுவை அதற்குள் கொடுத்துவிடுங்கள்.