விண்டோஸ் 98-ஐ விண்டோஸ் 11-உடன் இணைப்பது: பழைய புரோட்டோகாலை நீக்கலாமா?

கேள்வி: எங்கள் பட்டறையில் வெட்டும் இயந்திரம் ஒன்றை விண்டோஸ் 98 கணினி இயக்குகிறது. வரைபடக் கோப்புகளை ஒரு எக்ஸ்பி கணினியிலிருந்து நெட்வொர்க் வழியாக அதற்கு அனுப்பி வந்தோம். எக்ஸ்பி பழுதாகி, இப்போது விண்டோஸ் 11 வாங்கியிருக்கிறோம். அதே கேபிள், அதே ஸ்விட்ச், இரண்டு பக்கமும் லைட் எரிகிறது. ஆனால் ஒன்றுக்கொன்று தெரியவில்லை, பிங்கும் (மறுமுனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் சோதனை) போகவில்லை. 98-இன் நெட்வொர்க் பட்டியலில் நெட்பியூயி, ஐபிஎக்ஸ்/எஸ்பிஎக்ஸ் என்ற பழைய புரோட்டோகால்கள் (கணினிகள் பேசிக்கொள்ளும் விதிமுறைகள்) இரண்டும் இருக்கின்றன, இன்று எல்லோரும் பயன்படுத்தும் டிசிபி/ஐபி இல்லை. பழையவற்றை நீக்கிவிட்டு டிசிபி/ஐபி போட்டால் போதுமா?

பதில்: டிசிபி/ஐபி போடுங்கள், ஆனால் எதையும் நீக்காதீர்கள். ஒரே நெட்வொர்க் கார்டில் மூன்றும் சண்டையில்லாமல் இருக்கும். நீக்கக் கூடாது என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு: இயந்திரத்தை இயக்கும் மென்பொருளே பழைய புரோட்டோகாலை நம்பி இருக்கலாம். அந்தக் காலத்து நெட்வொர்க் உரிம டாங்கிள்கள் (மென்பொருள் உரிமத்தைச் சரிபார்க்கும் சிறு கருவிகள்) சில ஐபிஎக்ஸ் அல்லது நெட்பயாஸ் (கணினிகளைப் பெயரால் அடையாளம் காணும் பழைய முறை, நெட்பியூயி சுமப்பது இதைத்தான்) வழியாகத்தான் அனுமதி கேட்கும். நீக்கிய பிறகு மென்பொருள் திறக்கவில்லை என்றால், எழுதிய நிறுவனத்தைத் தேடிப் பிடிப்பது பெரும் பாடு. அதனால் எதையும் தொடுவதற்கு முன் ஹார்டு டிஸ்கை முழுசாக இமேஜ் (அப்படியே ஒரு நகல்) எடுத்து வையுங்கள். அந்த டிஸ்க் எப்படியும் வயதானது.

லைட் எரிவது கேபிளும் கார்டும் சரி என்பதை மட்டும்தான் சொல்லும். ஸ்விட்ச் மீதும் குற்றமில்லை. சாதாரண ஸ்விட்ச் மேக் முகவரியை (ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் உரிய அடையாள எண்) பார்த்துச் சட்டகத்தை, அதாவது தரவுப் பொட்டலத்தை, அனுப்பிவிடும். உள்ளே இருப்பது ஐபியா, ஐபிஎக்ஸா என்று அது கவலைப்படாது. பிரச்சினை முனையில் இருக்கிறது. விண்டோஸ் 11-க்கு நெட்பியூயியும் தெரியாது, ஐபிஎக்ஸும் தெரியாது. எக்ஸ்பியிலேயே நெட்பியூயிக்கு அதிகாரபூர்வ ஆதரவு போய்விட்டது. வேண்டியவர்கள் நிறுவல் சிடியின் ஒரு ஓரத்து ஃபோல்டரிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். ஐபிஎக்ஸ் எக்ஸ்பி வரை இருந்தது, விஸ்டாவோடு அதுவும் போயிற்று. உங்கள் பழைய எக்ஸ்பி இந்த இரண்டில் ஒன்றில்தான் பேசியிருக்க வேண்டும்.

பிங் போகாததற்கும் காரணம் இதுதான். பிங் என்பது ஐபியின் கருவி. நெட்பியூயியில் ஐபி முகவரியே கிடையாது. ஒரே கூடத்தில் இருப்பவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது போல, கணினியின் பெயரை உரக்க ஒலிபரப்பி, அந்தப் பெயருக்குரியது பதில் சொன்னதும் மேக் முகவரியைக் கொண்டு பேச ஆரம்பித்துவிடும். பெயருக்கு 15 எழுத்து, 16-ஆவது பைட் அது என்ன சேவை என்று காட்ட. நெட்வொர்க் எண் என்று எதுவும் இல்லாததால் ரவுட்டரைத் தாண்டாது. அமைப்பதற்கு ஒன்றுமே இல்லை என்பதால் சின்ன அலுவலகங்களில் இதை விரும்பினார்கள். இதே நெட்பயாஸ் பெயர்களை டிசிபி/ஐபி மேல் ஓட்டும் முறை 1987-லேயே வகுக்கப்பட்டது. 137, 138, 139 போர்ட்டுகள் அதிலிருந்து வந்தவை.

சரி, வேலைக்கு வருவோம். 98-இல் கண்ட்ரோல் பேனல், நெட்வொர்க், அங்கே டிசிபி/ஐபியைச் சேர்க்கச் சொன்னால் விண்டோஸ் சிடி கேட்கும். சிடி தொலைந்திருந்தால் பதறாதீர்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'ஆப்ஷன்ஸ்', அதற்குள் 'கேப்ஸ்' இருக்கிறதா பாருங்கள். பல தயாரிப்பாளர்கள் நிறுவல் கோப்புகளை அங்கேயே விட்டு வைத்திருப்பார்கள். முகவரியைக் கையால் கொடுங்கள்: 192.168.50.2, மாஸ்க் 255.255.255.0. கேட்வேயும் டிஎன்எஸ்ஸும் காலியாகவே இருக்கட்டும். இந்தக் கணினி இணையத்தைப் பார்க்கவே கூடாது. தானியங்கியாக விட்டால், முகவரி கொடுக்க யாரும் இல்லாமல் கடைசியில் 169.254 என்று தொடங்கும் ஒன்றை அதுவாக எடுத்துக்கொள்ளும்.

விண்டோஸ் 11-இல் இதற்கென்று தனியாக இரண்டாவது நெட்வொர்க் கார்டு, யுஎஸ்பி அடாப்டர் ஆனாலும் போதும், ஒன்று போட்டு 192.168.50.1 கொடுங்கள். இணையம் வரும் கார்டோடு இதை பிரிட்ஜ் செய்ய (ஒரே நெட்வொர்க்காக இணைக்க) வேண்டாம். பிங்கை 11-இலிருந்து 98 பக்கம் அடித்துப் பாருங்கள். எதிர்ப்பக்கமிருந்து அடித்தால் 11-இன் ஃபயர்வால் பதில் சொல்லாமல் இருந்துவிடலாம், நீங்கள் வீணாகக் குழம்புவீர்கள். 98-இன் கார்டு 10 எம்பிபிஎஸ் மட்டும் என்றால், சில புதிய அதிவேகப் போர்ட்டுகள் அந்த வேகத்துக்கு இறங்காது. நடுவில் ஒரு பழைய 10/100 ஸ்விட்சை வைத்தால் தீர்ந்துவிடும்.

பிங் வந்ததும் ஃபோல்டர் பகிர்வும் வந்துவிடும் என்று நினைப்பீர்கள். வராது. 98-க்குத் தெரிந்தது எஸ்எம்பி என்ற விண்டோஸ் கோப்புப் பகிர்வு புரோட்டோகாலின் முதல் பதிப்பு. 2017 கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து அது இயல்பாக நிறுவப்படுவதில்லை. கூடுதல் அம்சமாக இயக்கலாம்தான், பலரும் அப்படித்தான் ஆலோசனை சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் கணினிப் புழு பரவியது இந்தப் பதிப்பின் ஓட்டை வழியாகத்தான். போதாததற்கு 98-இன் பழைய கடவுச்சொல் முறை எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கி, ஏழு ஏழு எழுத்தாக வெட்டிக் கையாள்வது. உடைப்பது மிக எளிது. ஒரு பழைய இயந்திரத்துக்காக அலுவலகக் கணினியின் கதவைத் திறந்து போடுவது நியாயமில்லை.

உங்கள் தேவைக்கு எஃப்டிபி (கோப்பு அனுப்புவதற்கான எளிய புரோட்டோகால்) போதும். டிசிபி/ஐபி போட்டால் 98-இல் எஃப்டிபி கட்டளை கூடவே வந்துவிடும். விண்டோஸ் 11-இல் ஒரு எஃப்டிபி சர்வர் வைத்து, ஒரே ஒரு ஃபோல்டர் மட்டும் தெரியும் தனிப் பயனரை உருவாக்கி, ஃபயர்வாலில் 21-ஆம் போர்ட்டை 192.168.50.2-க்கு மட்டும் திறந்து விடுங்கள். எஃப்டிபியில் கடவுச்சொல் அப்பட்டமாகப் போகும், எனவே வேறெங்கும் பயன்படுத்தாத ஒன்றை வையுங்கள். கோப்பை இறக்கும் முன் பைனரி முறைக்கு மாற்ற மறக்காதீர்கள். இல்லாவிட்டால் வரி முடிவுகள் மாறி, கோப்பு கெட்டுப்போய் இயந்திரம் தப்பாக வெட்டும். இந்தக் கட்டளைகளை ஒரு பேட்ச் கோப்பில் எழுதி டெஸ்க்டாப்பில் வைத்துவிட்டால் இயக்குபவர் இரண்டு கிளிக்கில் முடித்துக்கொள்வார்.

ஃபோல்டர் இழுத்துப் போடும் வசதியே வேண்டும் என்றால், நடுவில் இரண்டு நெட்வொர்க் கார்டு கொண்ட சிறிய லினக்ஸ் பெட்டி ஒன்றில் சாம்பா (லினக்ஸில் எஸ்எம்பி பகிர்வு தரும் மென்பொருள்) போடலாம். 98 பக்கம் பழைய எஸ்எம்பி, அலுவலகப் பக்கம் புதியது. 2019-இல் வந்த 4.11 முதல் சாம்பாவும் பழைய பதிப்பை இயல்பாக மறுக்கிறது, அனுமதியை நீங்கள்தான் தர வேண்டும்.

அப்புறம், ஐபிஎக்ஸ் பற்றி. பட்டறையில் இன்னொரு பழைய கணினியும் அதில் பேசுகிறது, திடீரென்று இரண்டும் பார்த்துக்கொள்ளவில்லை என்றால் சட்டக வகையைச் சரிபாருங்கள். ஈதர்நெட்டில் ஐபிஎக்ஸுக்கு நான்கு சட்டக வகைகள் உண்டு, நெட்வேர் (ஐபிஎக்ஸில் பேசிய நோவெல் சர்வர் மென்பொருள்) 3.11 வரை இயல்பு வகை 802.3, 3.12 முதல் 802.2. வகை மாறினால் கேபிள் சரியாக இருந்தும் ஒன்றுக்கொன்று கேட்காது. 98-இல் அது 'ஆட்டோ' என்று இருக்கும். இரண்டிலும் ஒரே வகையைக் கையால் தேர்ந்தெடுத்து மறுபடி துவக்குங்கள்.